எழுநூற்றைம்பதில் ஒரு மேடு

துகள் இயற்பியலில் எனக்கு மிகவும் பிடித்த கதை, கண்டுபிடிக்கப்படாத ஒரு துகளைப் பற்றியது. 2012-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஹிக்ஸ் என்ற துகளின் கதையை எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். இது அதற்கு மூன்று வருஷம் கழித்து வந்தது. எட்டு மாதம் உயிரோடு இருந்தது. அந்த எட்டு மாதத்தில் அதைப் பற்றி ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் வந்தன. பிறகு ஒரு ஆகஸ்ட் மாதம் இல்லாமல் போய்விட்டது. எல்லோரும் ஒப்புக்கொண்ட பெயர்கூட அதற்கு இல்லை; 750 என்று நிறையைச் சொல்லியே கூப்பிட்டார்கள்.

2015 டிசம்பர் 15. ஜெனீவாவுக்குப் பக்கத்தில் இருக்கும் செர்ன் ஆய்வகத்தில் வருஷக் கடைசிக் கூட்டம். புரோட்டான்களை மோதவிடும் எல்.எச்.சி. என்கிற 27 கிலோமீட்டர் வளையம் இரண்டு வருஷம் பராமரிப்பில் இருந்துவிட்டு, அந்த ஜூனில்தான் மறுபடி தரவு எடுக்க ஆரம்பித்திருந்தது. முன்பு 8 டி.இ.வி. ஆக இருந்த மோதல் ஆற்றல் இப்போது 13. (டி.இ.வி., ஜி.இ.வி. இரண்டும் துகள்களின் ஆற்றலையும் நிறையையும் சொல்லும் அலகுகள்; ஆயிரம் ஜி.இ.வி. ஒரு டி.இ.வி.) வளையத்தில் இருக்கும் இரண்டு பெரிய பரிசோதனைகளான அட்லஸும் சி.எம்.எஸ்.ஸும் புது ஆற்றலில் என்ன பார்த்தோம் என்று சொல்ல வேண்டிய நாள். அட்லஸுக்காக மருமி காடோவும் சி.எம்.எஸ்.ஸுக்காக ஜிம் ஓல்சனும் பேசினார்கள். பெரும்பாலான ஸ்லைடுகளில் ஒரே செய்திதான்: தேடினோம், புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு பேர் கையிலும் ஒரு வரைபடம் இருந்தது. இறங்கிக்கொண்டே போகும் ஒரு கோடு; அதில் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் ஒரு சின்ன மேடு. அட்லஸுக்கு 750 ஜி.இ.வி.யில். சி.எம்.எஸ்.ஸுக்கு 760-ல்.

நான் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டுச் சம்பந்தமில்லாத வேலைக்குப் போனவன். இந்த மாதிரி கூட்டங்களை இணைய நேரலையில் பார்ப்பதுதான் மிச்சமிருக்கும் தொடர்பு. அன்றைக்கு அந்த ஸ்லைடு வந்ததும், ஐரோப்பாவில் போஸ்ட்டாக் ஆராய்ச்சியில் இருந்த கல்லூரி நண்பனிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது: "டேய், ரெண்டு பேருக்கும் ஒரே எடத்துல வந்திருக்குடா." நான் ஏதோ அசட்டுத்தனமாகக் கேட்டேன். அதற்கு அவன் பதில் போடவில்லை. எழுதப் போய்விட்டான் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த மேடு எப்படி வரைபடத்துக்கு வருகிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லியாக வேண்டும். 750 ஜி.இ.வி. என்றால் ஏறக்குறைய 800 புரோட்டான்களின் நிறை. ஹிக்ஸ் 125. இதுவரை தெரிந்த அடிப்படைத் துகள்களிலேயே கனமான டாப் குவார்க் 173. அதற்கும் நான்கு மடங்குக்கு மேலே ஒன்று இருந்தால், பிறந்த கணமே உடைந்துவிடும். அதை நேரே பார்க்க முடியாது. உடைந்த துண்டுகளைத்தான் பார்க்க முடியும். இங்கே தேடியது இரண்டு ஃபோட்டான்களாக, அதாவது ஒளித்துகள்களாக, உடையும் துகளை. ஃபோட்டானுக்கு மின்னூட்டம் கிடையாது, ஆகவே உள்ளே இருக்கும் தடங்காணிகளில் கோடு விழாது. நேராக வெளியே போய், ஆற்றலை அளக்கும் கலோரிமீட்டரில் முட்டித் தன் ஆற்றல் முழுவதையும் கொட்டிவிடும். அட்லஸில் அந்தக் கலோரிமீட்டர் ஈயத் தகடுகளும் திரவ ஆர்கானும் சேர்ந்தது. சி.எம்.எஸ்.ஸில் ஏறக்குறைய 76,000 லெட் டங்ஸ்டேட் படிகங்கள். ஒவ்வொரு ஃபோட்டானின் ஆற்றலும் இரண்டுக்கும் நடுவே உள்ள கோணமும் தெரிந்தால், அவை ஒரே தாயிடமிருந்து வந்திருந்தால் அந்தத் தாயின் நிறை என்னவாக இருக்கும் என்று கணக்கிட்டுவிடலாம். பள்ளிக்கூடக் கணக்குதான், ஒரு கொசைன் வரும், அவ்வளவே.

சிக்கல் அந்த "வந்திருந்தால்"-இல் இருக்கிறது. இரண்டு ஃபோட்டான்கள் ஒரே தாயிடமிருந்து வர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க்குகள் மோதும்போதே ஜோடி ஃபோட்டான்கள் தெறிக்கும். அது போதாதென்று, நடுநிலைப் பையான் என்ற சாதாரணத் துகள் ஒன்று, ஒட்டிக்கொண்டே போகும் இரண்டு ஃபோட்டான்களாக உடைந்து ஒற்றை ஃபோட்டான் போல வேஷம் போடும். இவையெல்லாம் சேர்ந்ததுதான் பின்னணி. நிறை கூடக் கூடப் பின்னணி வழவழவென்று இறங்கும். அதன் வடிவத்தைத் தரவின் மீதே ஒரு எளிய வளைகோட்டைப் பொருத்திக் கண்டுபிடிக்கிறார்கள். உண்மையான துகள் ஒன்று இருந்தால், அதன் நிறை எங்கேயோ அங்கே மட்டும் நிகழ்வுகள் கூடுதலாகக் குவிந்து கோட்டுக்கு மேலே எழும். 2012-ல் ஹிக்ஸ் பிடிபட்ட வழிகளில் ஒன்று இதேதான். அதனால் அந்த வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு ஏற்கனவே பார்த்த முகத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. அந்தப் பரிச்சயமும் பரபரப்புக்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எவ்வளவு பெரிய மேடு? அட்லஸ் கையில் இருந்த தரவு 3.2 இன்வர்ஸ் ஃபெம்டோபார்ன். வாயில் நுழையாத அலகு. ஒரு அலகு என்றால் ஏறக்குறைய 80 லட்சம் கோடி புரோட்டான் மோதல்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அத்தனை மோதல்களிலிருந்து 750-க்குப் பக்கத்தில் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக வந்தவை சுமார் பத்துப் பதினைந்து நிகழ்வுகள். துகள் எதுவும் இல்லாமலே, வெறும் தற்செயலால் அந்த இடத்தில் இவ்வளவு குவிய வாய்ப்பு 6,000-ல் ஒன்று. 3.6 சிக்மா என்பார்கள். கண்டுபிடிப்பு என்று அறிவிக்க 5 சிக்மா வேண்டும், அதாவது 35 லட்சத்தில் ஒன்று. சி.எம்.எஸ்.ஸிடம் இருந்தது 2.6 சிக்மா.

6,000-ல் ஒன்று என்றாலே போதாதா என்று கேட்கத் தோன்றும். "அந்த இடத்தில்" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒருவர் காசைப் பத்துத் தடவை சுண்டி பத்தும் தலையாக விழுந்தால் ஆச்சரியம், 1,024-ல் ஒரு வாய்ப்பு. ஆயிரம் பேரைச் சுண்டச் சொல்லிவிட்டு அதில் ஒருவருக்குப் பத்தும் தலை விழுந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.  அட்லஸ் 750-ஐ மட்டும் பார்க்கவில்லை. 200-லிருந்து 2,000 ஜி.இ.வி. வரை வரிசையாகப் பார்த்தது. எங்கே மேடு வந்திருந்தாலும் அதைத்தான் காட்டியிருப்பார்கள். இத்தனை இடத்தில் தேடியதைக் கணக்கில் சேர்த்தால் அட்லஸின் 3.6 சிக்மா 2.0-க்கு இறங்குகிறது. அதாவது 40 சொச்சத்தில் ஒன்று. சி.எம்.எஸ்.ஸின் 2.6 சிக்மா 1.2 ஆகிவிடுகிறது, 9-ல் ஒன்று. ஒன்பதில் ஒன்றுக்கெல்லாம் யாரும் தூக்கம் கெட மாட்டார்கள். இரண்டு எண்களையும் அன்றைக்கே, அதே அரங்கில், அவர்களே சொன்னார்கள் என்பது முக்கியம். பிற்பாடு பத்திரிகைகளில் 3.6 மட்டும் வந்தது. 2.0 எப்படியோ வழியில் தொலைந்துபோனது.

ஆனால் எதிர்வாதத்துக்கும் பலம் இருந்தது. அட்லஸ் முதலில் 750-ஐக் காட்டிவிட்டால், அப்புறம் சி.எம்.எஸ்.ஸுக்கு "எல்லா இடத்திலும் தேடினாய்" என்ற தள்ளுபடி பொருந்தாது. தனித்தனிக் கருவி, தனித்தனிக் குழு, தனித்தனி மென்பொருள், ஏறக்குறைய ஒரே இடம். நண்பன் "ஒரே எடத்துல" என்று அனுப்பியதன் அர்த்தம் இதுதான். அதில் பிழை ஒன்றும் இல்லை.

பரபரப்புக்கு இன்னொரு காரணம், அந்தத் துறையின் மனநிலை. ஹிக்ஸ் வந்த பிறகு, தெரிந்த ஒவ்வொரு துகளுக்கும் ஒரு ஜோடி உண்டு என்னும் சூப்பர்சிமெட்ரி கோட்பாட்டின் துகள்கள் வரிசை கட்டி வரும் என்று ஒரு தலைமுறையே காத்திருந்தது. 7, 8 டி.இ.வி. ஓட்டங்களில் ஒன்றும் வரவில்லை. 750 எந்தப் பிரபலக் கோட்பாடும் அந்த வடிவில் கேட்ட துகள் இல்லை, அது வேறு விஷயம். பசித்தவர்களுக்கு முன்னால் இலை போட்டாயிற்று.

அந்தத் துகளை வைத்துக் கோட்பாட்டாளர்கள் போட்ட கணக்குகள் சுவாரசியமானவை. இரண்டு ஃபோட்டான்களாக உடைவதால் அதன் ஸ்பின், அதாவது துகளுக்குள்ளேயே இருக்கும் சுழற்சியின் அளவு, 1 ஆக இருக்க முடியாது. லாண்டாவும் யாங்கும் 1950-ஐ ஒட்டியே நிரூபித்தது. ஆகவே 0 அல்லது 2. அடுத்து, 2012-ல் 8 டி.இ.வி.யில் எடுத்த 20 அலகு பழைய தரவில் ஏன் இது பளிச்சென்று தெரியவில்லை? புரோட்டானுக்குள் குவார்க்குகளை ஒட்டிவைத்திருக்கும் குளுவான்கள் மோதி இது பிறந்தால், 8-லிருந்து 13-க்குப் போகும்போது பிறப்பு விகிதம் ஏறக்குறைய 4.7 மடங்கு கூடும். லேசான குவார்க்குகள் மோதிப் பிறந்தால் இரண்டரை மடங்குதான். பழைய தரவோடு ஓரளவாவது சமாதானம் ஆக வேண்டுமென்றால் குளுவான்தான் சௌகரியம். அப்படியும்கூட 3.2-ஐ 4.7-ஆல் பெருக்கினால் 15 வருகிறது. 20 அலகில் ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது, ரொம்ப மங்கலாக. எனக்கு முதல் சந்தேகம் வந்தது இந்தப் பெருக்கல் கணக்கைப் பார்த்தபோதுதான்.

அப்புறம் அகலம். அட்லஸ் தரவுக்கு நன்றாகப் பொருந்திய மேட்டின் அகலம் 45 ஜி.இ.வி. துகளின் அகலம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு வேகமாக அது உடைகிறது என்று பொருள். ஃபோட்டான் ஜோடியாக மட்டும் இவ்வளவு வேகமாக உடைவது கஷ்டம். வேறு வழிகளிலும் உடைய வேண்டும். டாப் ஜோடியாகவோ டபிள்யூ, இசட் என்ற கனமான துகள்களின் ஜோடிகளாகவோ உடைந்தால் அங்கேயும் மேடு தெரிய வேண்டும். தெரியவில்லை. ஆகவே மின்னூட்டமும், குவார்க்குகளுக்கு இருப்பது போல 'நிறம்' என்று பெயர் வைத்த இன்னொரு வகை ஊட்டமும் கொண்ட இன்னும் சில புதுத் துகள்களை நடுவில் வைத்துக் கதையை ஓட்ட வேண்டியிருந்தது. ஒரு துகளை விளக்க ஐந்தாறு துகள்கள்.

2016 மார்ச்சில் இத்தாலியின் லா த்வீல் பனிமலை ஊரில் நடந்த மோரியோன் மாநாட்டில் கதை இன்னும் ஒரு படி ஏறியது. 2015-ல் சி.எம்.எஸ்.ஸின் பெரிய காந்தத்துக்குக் குளிரூட்டும் அமைப்பில் கோளாறு. எண்ணெய் கலந்து மாசுபட்டிருந்தது. அதனால் காந்தம் அணைந்திருந்த நேரத்தில் எடுத்த 0.6 அலகு தரவு சும்மா கிடந்தது. காந்தம் இல்லாவிட்டால் மின்னூட்டத் துகள்கள் வளையாது, அவற்றின் உந்தத்தை அளக்க முடியாது. ஃபோட்டான் எந்தக் காந்தத்திலும் வளையாது, அதற்குக் கவலையில்லை. ஆகவே அந்த ஒதுக்கித் தள்ளிய தரவைப் படிகங்களுக்கு மறு அளவீடு செய்து மீட்டெடுத்தார்கள். இந்தக் கதையில் நான் கைதட்ட விரும்பும் இடம் இது. பழைய 8 டி.இ.வி. தரவையும் சேர்த்துப் பார்த்ததில் சி.எம்.எஸ்.ஸின் எண் 3.4 சிக்மாவுக்கு ஏறியது. எல்லா இடத்திலும் தேடியதைக் கழித்தால் 1.6.

நண்பனின் கட்டுரை இதற்குள் வெளிவந்துவிட்டது. ஒன்று இல்லை, இரண்டு. போனில் பேசும்போது, "இது இருக்கும்னு நம்புறியா?" என்று கேட்டேன். "நம்புறது நம்பாதது இருக்கட்டும் மச்சி, அடுத்த வருஷம் வேலை வேணும்ல?" என்றான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூட்டம் நடந்த அன்றே முதல் கட்டுரைகள் வர ஆரம்பித்தன. ஏப்ரலில் முன்னணி ஆய்விதழான ஃபிசிக்கல் ரெவ்யூ லெட்டர்ஸ் நான்கைத் தேர்ந்தெடுத்துப் பிரசுரித்தது. ஒரு இயற்பியலாளர், இந்தக் கட்டுரைகள் எந்த வேகத்தில் பெருகுகின்றன, எப்போது அடங்கும் என்று மாதிரி போட்டுத் தனியாகவே ஒரு கட்டுரை எழுதினார். அந்த நகைச்சுவை உணர்வு துறைக்குள்ளேயே இருந்தது நல்ல அறிகுறி.

ஐந்நூறு கட்டுரையும் குப்பைக்குப் போனது என்று சொல்வார்கள். முக்கால்வாசி போயிருக்கும். ஆனால் ஒரு கேள்வி மிஞ்சியது. குளுவான்களுக்குப் பதிலாகப் புரோட்டான்கள் உமிழும் ஃபோட்டான்களே மோதி இது பிறந்திருக்குமா என்று சிலர் கேட்டார்கள். பதில் சொல்ல, புரோட்டானுக்குள் எவ்வளவு ஃபோட்டான் இருக்கிறது என்று தெரிய வேண்டும். தெரிந்த மதிப்புகளில் ஏகப்பட்ட இடைவெளி இருந்தது. 2016 ஜூலையில் மனோகர், நாசோன், சலாம், ஜாண்டெரிகி என்ற நான்கு பேர், எலெக்ட்ரான்–புரோட்டான் சிதறல் பற்றிய பழைய அளவீடுகளிலிருந்தே அதை ஒன்றிரண்டு சதவீதத் துல்லியத்துக்குக் கணக்கிட்டுக் காட்டிவிட்டார்கள். 750 போய்விட்டது, அந்தக் கணக்கு இன்றைக்கும் பயன்பாட்டில் இருக்கிறது. ஆனாலும் இதை வைத்து ஐந்நூறையும் நியாயப்படுத்த மாட்டேன். ஏப்ரல், மே மாதங்களில் வந்த பல கட்டுரைகள் ஒரே மாதிரியின் பெயரை மாற்றிப் போட்டவைதான். புதுத் தரவு சில மாதத்தில் வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்த சமயத்தில் அவற்றை எழுதியதற்கு ஒரே காரணம் மேற்கோள் எண்ணிக்கைதான் என்பது என் அபிப்பிராயம்.

புதுத் தரவு வருவதற்குள் ஒரு கூத்து. ஏப்ரல் 29 அதிகாலை, மரநாய் இனத்தைச் சேர்ந்த ஒரு சின்னப் பிராணி 66,000 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் ஏறி, தானும் செத்து எல்.எச்.சி.யையும் நிறுத்திவிட்டது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. ராட்டர்டாம் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்திருப்பது இதைத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது அதே வருஷம் நவம்பரில் சிக்கிய இன்னொன்று. எப்படியோ, அந்தக் கோடையில் இயந்திரம் பிரமாதமாக ஓடியது. ஜூன் கடைசியில், எவ்வளவு மோதல் விகிதத்துக்கென்று வடிவமைத்தார்களோ அதையும் தொட்டது.

அடுத்து நடப்பதைக் கணிக்க எந்தக் கோட்பாடும் தேவையில்லை. உண்மையான துகள் என்றால் தரவு நான்கு மடங்கானால் மேடும் நான்கு மடங்காகும். பின்னணியின் தற்செயல் ஆட்டம் இரண்டு மடங்குதான் கூடும். ஆகவே சிக்மா இரட்டிக்கும். 3.6 என்பது 7-ஐத் தாண்டும். தற்செயல் என்றால் அதே இடத்தில் மறுபடி விழ ஒரு காரணமும் இல்லை. ஆகஸ்டில் சிகாகோவில் நடந்த ஐ.சி.எச்.இ.பி. மாநாட்டுக்கு அட்லஸ் 12.2 அலகும் சி.எம்.எஸ். 12.9 அலகும் புதுத் தரவோடு வந்தன. அறிவிப்பு 5-ஆம் தேதி. முந்தின இரவே சி.எம்.எஸ்.ஸின் அறிக்கை தவறுதலாக இணையத்தில் ஏறிவிட்டது. படித்தவர்களுக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. 750-ல் ஒன்றும் இல்லை. கோடு வழவழவென்று இறங்கிப் போனது. மறுநாள் அட்லஸும் அதையேதான் சொன்னது.

விஞ்ஞானிகள் ஏமாந்தார்கள் என்று சில செய்திகள் வந்தன. எனக்கு அது எரிச்சல். எங்கே ஏமாந்தார்கள்? கருவியில் கோளாறு இல்லை. மென்பொருளில் பிழை இல்லை. டிசம்பரில் பதிவான அந்தக் கூடுதல் நிகழ்வுகள் உண்மையாகவே பதிவானவை. இன்றைக்கும் தரவில் இருக்கின்றன. இரண்டு குழுவும் வருஷத்துக்கு நூற்றுக்கணக்கான தேடல்களை நடத்தும்போது இப்படி ஒன்று எங்கேயாவது எழும்பாமல் இருந்தால்தான் கணக்கைச் சந்தேகப்பட வேண்டும்.

உண்மையிலேயே பிழை இருந்த கதையும் உண்டு. அதே எல்.எச்.சி.யில் எல்.எச்.சி.பி. என்ற குழு 2021 மார்ச்சில் ஒரு பலனை வெளியிட்டது: பி மேசான் என்ற துகளில் ஒரு வகை உடையும்போது எலெக்ட்ரான் ஜோடியும், எலெக்ட்ரானின் கனமான உறவான மியுவானின் ஜோடியும் சம அளவில் வர வேண்டும், வரவில்லை, 3.1 சிக்மா. 2022 டிசம்பரில் அவர்களே மறு ஆய்வு செய்து வாபஸ் வாங்கினார்கள். வேறு துகள்கள் சில எலெக்ட்ரான் என்று தவறாக எண்ணப்பட்டிருந்தன. ஆக, 3 சிக்மா இரண்டு விதமாகச் சாகும்: ஒன்று வெறும் தற்செயல், இன்னொன்று கருவியை நாம் புரிந்துகொண்டதில் இருக்கும் குறை. இரண்டாவதற்கு எவ்வளவு தரவு சேர்த்தாலும் மருந்து ஆகாது. தரவு கூடக் கூடத் தப்பும் உறுதியாகும். செய்தியில் இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டுவிடுகிறார்கள்.

இயற்பியலாளர் லியான் லெடர்மேன் குழுவின் பழைய கதையையும் சொல்லாமல் விட முடியாது. 1976-ல் அமெரிக்காவின் ஃபெர்மிலாப் ஆய்வகத்தில் 6 ஜி.இ.வி.க்குப் பக்கத்தில் ஒரு மேட்டைப் பார்த்துப் பிரசுரித்தார்கள். தற்செயலுக்கு 50-ல் ஒரு வாய்ப்புதான் என்று கணக்கு. இன்னும் தரவு எடுத்ததும் காணாமல் போனது. அதே குழு நிறுத்தாமல் ஓட்டி, 1977-ல் 9.5 ஜி.இ.வி.யில் அப்சிலான் துகளைக் கண்டுபிடித்தது. பாட்டம் குவார்க் வெளியே வந்தது அப்படித்தான். கண்டுபிடித்தவர்களும் கோட்டை விட்டவர்களும் வேறு வேறு ஆட்கள் இல்லை.

இப்போது அதே இரட்டை ஃபோட்டான் வரைபடத்தின் இன்னொரு மூலையில் ஒரு மேடு இருக்கிறது. 95 ஜி.இ.வி. 2023-ல் சி.எம்.எஸ். வெளியிட்ட எண், 95.4-ல் 2.9 சிக்மா; எல்லா இடத்திலும் தேடியதைச் சேர்த்தால் 1.3. அட்லஸுக்கு அதே இடத்தில் 1.7. செர்னில் 2000-த்தில் மூடிய லெப் என்ற முந்தைய மோதல் இயந்திரத்தின் பழைய தரவிலும் 98-க்குப் பக்கத்தில் 2.3 சிக்மா அளவுக்கு ஒரு சிறு மிகுதி உண்டு. மூன்று இடத்திலும் வருகிறதே என்று சிலர் ஆரம்பித்துவிட்டார்கள், கட்டுரைகளும் வந்துகொண்டிருக்கின்றன. எனக்கு அந்த இடமே பிடிக்கவில்லை. 91-ல் இசட் துகள் உட்கார்ந்திருக்கிறது. அது இரண்டு எலெக்ட்ரான்களாக உடைந்து, இரண்டின் தடமும் கணக்கில் தவறிப்போனால், கலோரிமீட்டருக்கு அவை இரண்டு ஃபோட்டான்களாகத்தான் தெரியும். அதாவது வழவழப்பான பின்னணி அங்கே கிடையாது. மேடு தேடும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஏற்கனவே ஒரு போலி மேடு. 750-ல் இல்லாத தொல்லை இது. பந்தயம் கட்டச் சொன்னால் "இல்லை" பக்கம்தான் கட்டுவேன். நண்பன் "இருக்கு" என்கிறான். இதற்கும் ஒரு கட்டுரை போட்டிருக்கிறான். 2022 ஜூலையில் 13.6 டி.இ.வி.யில் தொடங்கிய ஓட்டத்தின் தரவை இதற்காக முழுதாக அலசி வெளியிடும்போது எங்கள் இரண்டு பேரில் ஒருவர் மற்றவருக்குப் பிரியாணி வாங்கித் தர வேண்டியிருக்கும்.